ஏஐ கோடிங் உதவியாளர் சொதப்பும்போது எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக

கிட்ஹப் கோபைலட் 2021 ஜூனில் முன்னோட்டமாக வந்தபோது, அடுத்த சில வரிகளை ஊகித்து நீட்டுவதுதான் அதன் வேலை. இன்று கர்சர், கிளாட் கோட், கோடெக்ஸ் எல்லாம் ஃபைலைத் திறக்கின்றன, டெஸ்டை ஓட்டுகின்றன, கமிட் (மாற்றங்களைப் பதிந்து சேமிப்பது) வரை தாமே போகின்றன. கை நீண்டுவிட்டதால் சொதப்பலும் நீள்கிறது. சொதப்பியதும் பலர் செய்யும் முதல் காரியம் மாடலை மாற்றுவது. ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டியது. கோளாறு பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் இருக்கும்: அதற்கு நாம் கொடுத்த தகவலில், தான் செய்தது சரியா என்று அது எதை வைத்துப் பார்த்துக்கொண்டது என்பதில், அல்லது வந்ததை ஒருவரும் ஒழுங்காகப் படிக்காததில். மாடலை மாற்றினால் இந்த மூன்றும் அப்படியே இருக்கும்.

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால்: ஏஐயிடம் வேலையைக் கொடுக்கும் முன் ஒரு கமிட் போட்டுவிட்டு, தனி பிராஞ்சில் (நிரலின் தனிக் கிளையில்) விடுங்கள். கீழே வரும் வழிகளில் பாதி, பழைய நிலைக்குத் திரும்புவதில்தான் தொடங்குகின்றன.

இல்லாத ஃபங்ஷனை அழைக்கிறது

அப்படி ஒரு ஆட்ரிபியூட்டே இல்லை என்று பைத்தான் கத்தினால், அந்தப் பெயர் எப்போதாவது இருந்ததா என்று முதலில் பாருங்கள். பல நேரம் இருந்திருக்கும். பாண்டாஸ் என்ற டேட்டா லைப்ரரியில், டேட்டாஃப்ரேமில் வரிகளைச் சேர்க்கும் அப்பெண்ட் ஃபங்ஷன், 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பில் தூக்கப்பட்டது. ஓப்பன்ஏஐயின் பைத்தான் லைப்ரரி 2023 நவம்பரில் 1.0 ஆனதும், அதுவரை எல்லாப் பயிற்சிக் கட்டுரைகளிலும் இருந்த அழைப்பு முறை வேலை செய்யாமல் போனது. மாடல் படித்து வளர்ந்த நிரலில் பழைய முறையில் எழுதியதுதான் அதிகம். அதனால் கை பழைய பக்கமே போகிறது.

"லேட்டஸ்ட் பதிப்பில் எழுது" என்று சொல்வதால் பயனில்லை. எது லேட்டஸ்ட் என்பதே அதன் கணக்கில் வேறு. பதிப்பு எண்ணைச் சொல்லுங்கள், இன்ஸ்டால் ஆன பதிப்பு எண்களைப் பூட்டி வைக்கும் லாக் (lock) ஃபைலைப் படிக்கச் சொல்லுங்கள். ஃபைலைத் திறக்கும் வசதியுள்ள கருவி என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது: "ஊகித்து எழுத வேண்டாம், விர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் இன்ஸ்டால் ஆகியிருக்கும் லைப்ரரியின் மூலத்தைத் திறந்து, அந்த ஃபங்ஷன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுது." இந்த ஒரு வாக்கியம் பாதித் தொல்லையைக் குறைக்கும்.

எரர் வந்தால் கூடப் பரவாயில்லை, கண்ணில் படும். எரர் வராமல் ஓடும் பழைய முறைதான் ஆபத்து. பைத்தானின் டேட்டைமில் யுடிசிநவ் என்ற அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 3.12 பதிப்பிலிருந்து அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள், ஆனாலும் ஏஐ அதை விடாமல் எழுதுகிறது. அது தரும் நேரத்தில் எந்த நேர மண்டலம் என்ற குறிப்பு இருக்காது. அதை டைம்ஸ்டாம்பாக மாற்றும்போது பைத்தான் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும் சர்வரில் விடை சரியாக வரும். இந்திய நேரத்தில் இருக்கும் உங்கள் லேப்டாப்பில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி வரும். "என் மெஷினில் மட்டும் லாகின் டோக்கன் உடனே எக்ஸ்பயர் ஆகிறது" என்று ஒருவர் புலம்பினால் இங்கே தேடுங்கள். டெஸ்ட் ஓடும்போது டெப்ரிகேஷன் எச்சரிக்கைகளை ("இந்த முறையைக் கைவிடுங்கள்" என்ற அறிவிப்புகளை) எரராக மாற்றிவிடும் அமைப்பு, பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இத்தகையவை ரிவியூவுக்கு வரும் முன்பே மாட்டும்.

கேள்விப்படாத பேக்கேஜை இன்ஸ்டால் செய்யச் சொல்கிறது

கையை விசைப்பலகையிலிருந்து எடுங்கள். மேலே சொன்னது பழமை. இது கற்பனை. 16 மாடல்களைக் கொண்டு 5,76,000 நிரல் மாதிரிகளை எழுதவைத்துச் சோதித்த ஓர் ஆய்வில், பரிந்துரைத்த பேக்கேஜ்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லாதது. வணிக மாடல்களில் அந்த விகிதம் குறைவு, ஏறத்தாழ 5 விழுக்காடு. கவலை தருவது வேறொன்று: கற்பனைப் பெயரை உண்டாக்கிய அதே பிராம்ப்டைப் பத்து முறை கொடுத்துப் பார்த்தபோது, அந்தப் பெயர்களில் 43 விழுக்காடு பத்து முறையும் தவறாமல் வந்தன. அதாவது எந்தப் பெயரை ஏஐ கற்பனை செய்யும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து, அந்தப் பெயரில் விஷத்தைப் பதிவேற்றி வைக்கலாம். இதற்கு ஸ்லாப்ஸ்குவாட்டிங் என்று பெயரே வைத்துவிட்டார்கள். லாசோ செக்யூரிட்டி ஆய்வாளர் ஒருவர், ஏஐகள் அடிக்கடி சொன்ன ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ என்ற கற்பனைப் பெயரில் ஒரு வெற்றுப் பேக்கேஜை ஏற்றிவைத்தார். மூன்று மாதத்தில் 30,000 முறைக்கு மேல் அது இறக்கப்பட்டது.

எனவே "பெயர் இருக்கிறதா" என்று பார்ப்பது மட்டும் போதாது. முதல் பதிப்பு எப்போது வந்தது, யார் பராமரிக்கிறார்கள், அதிகாரபூர்வ ஆவணத்தில் அந்த இன்ஸ்டால் வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் முறையில் (தானே கட்டளைகளை இயக்கி) ஓடும் கருவிக்கு பேக்கேஜ் இன்ஸ்டால் செய்ய அனுமதி கேட்காமல் தராதீர்கள். தடுப்பு அவ்வளவுதான்.

ஒரே பிழையைத் திருத்தித் திருத்தி, சுற்றிச் சுற்றி வருகிறது

"நீங்கள் சொல்வது சரிதான், இப்போது சரிசெய்துவிட்டேன்" என்கிறது. ஓட்டினால் அதே எரர். மறுபடி சொன்னால் முதலில் செய்த திருத்தத்துக்கே திரும்புகிறது. இதில் பொறுமை காட்டுவதால் பயனில்லை. இரண்டாவது முறை தோற்றதும் நிறுத்துங்கள்.

காரணம் எளிது. அந்த சாட்டில் நடந்த எல்லாமே, தோற்ற முயற்சிகள் உட்பட, ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி உள்ளே போகின்றன. தவறான ஊகம் ஒன்று பத்து முறை எழுதப்பட்டிருந்தால் மாடல் அதை நோக்கியே சாய்கிறது. போதாததற்கு நீண்ட உள்ளீட்டின் நடுவில் இருப்பதை மாடல்கள் சரியாகப் பயன்படுத்துவதில்லை, தொடக்கத்திலும் கடைசியிலும் இருப்பதையே நன்றாகப் பிடிக்கின்றன என்று 2023இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. புதிய மாடல்கள் இதில் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் நாலு மணி நேரம் ஓடிய சாட் மந்தமாவதை இதைப் பயன்படுத்தும் எவரும் பார்த்திருப்பார்கள்.

செய்ய வேண்டியது: மாற்றங்களைத் தூக்கிப் போட்டு கடைசி நல்ல கமிட்டுக்குத் திரும்புங்கள். புதிய சாட் திறங்கள். அதில் மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: முழு எரர் செய்தி, அதை வரவழைக்கும் ஆகச் சிறிய வழி, ஏற்கெனவே முயன்று தோற்றவை. அப்புறம் இப்படிக் கேளுங்கள்: "இப்போது எதையும் திருத்தாதே. இதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம், ஒவ்வொன்றும் உண்மையா என்று எந்த லாகை (log, ஓடும்போது நிரல் எழுதும் குறிப்பை) வைத்துக் கண்டுபிடிக்கலாம், அதை மட்டும் சொல்." திருத்தம் கேட்டால் ஊகம் வரும். ஆதாரம் கேட்டால் லாக் வரி வரும். அந்த லாகை நீங்கள் ஓட்டி, வந்த வெளியீட்டை அப்படியே ஒட்டுங்கள்.

நேற்று ஓடியது இன்று உடைந்தது என்ற வகைப் பிழை என்றால் இதுகூட வேண்டாம். கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் ஓட்டி, உடைத்த கமிட்டைக் கண்டுபிடித்து, அந்த டிஃபை (எந்தெந்த வரி மாறியது என்பதை) மட்டும் கொடுங்கள். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துப் படிகளில் வந்துவிடும், ஏஐக்கும் தேடும் இடம் சுருங்கும்.

டெஸ்ட் எல்லாம் பச்சை, நேரில் உடைகிறது

இதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று அப்பட்டமான தில்லுமுல்லு. "டெஸ்ட் பாஸ் ஆகும்வரை விடாதே" என்று சொன்னால் அது விடாது. தோற்கும் டெஸ்டுக்கு ஸ்கிப் போடும், எதிர்பார்த்த விடையை வந்த விடைக்கு ஏற்ப மாற்றும், எக்ஸெப்ஷனைப் பிடித்துச் சத்தமில்லாமல் விழுங்கும், சோதிக்க வேண்டிய ஃபங்ஷனையே மாக் செய்யும் (போலியால் மாற்றிவிடும்). கண்டுபிடிப்பதும் சுலபம்: டிஃபைப் படிக்கும்போது டெஸ்ட் ஃபோல்டரை முதலில் படியுங்கள், நிரலை அப்புறம். நிரலைத் திருத்தச் சொன்ன வேலையில் டெஸ்ட் ஃபைல் மாறியிருந்தால் அங்கேயே நிறுத்திக் காரணம் கேளுங்கள்.

இரண்டாவது முகம் நேர்மையானது, அதனால்தான் பிடிபடாது. நிரலை எழுதியதும் டெஸ்டை எழுதியதும் ஒரே தலை என்பதால் இரண்டிலும் ஒரே அனுமானம் இருக்கும்.

ஒரு பதிவுப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். "பெயர் புலத்தில் எழுத்துகள் மட்டும் இருக்க வேண்டும்" என்று சொல்லி வேலிடேஷன் கேட்கிறீர்கள். பைத்தானின் இஸ்ஆல்ஃபா முறையை வைத்து இரண்டு வரியில் எழுதித் தருகிறது. டெஸ்டும் எழுதுகிறது: ஜான் ஏற்கப்பட வேண்டும், மேரி ஏற்கப்பட வேண்டும், ஜான்123 மறுக்கப்பட வேண்டும். மூன்றும் ஆங்கில எழுத்தில். மூன்றும் பச்சை. டிப்ளாய் ஆன பிறகு முருகன் என்று தமிழில் அடித்தால் படிவம் மறுக்கிறது.

ஏன்? யுனிகோடில் தமிழ் உயிர்மெய் ஒரே குறியீடு அல்ல. "மு" என்பது மகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. "ன்" என்பது னகரமும் புள்ளியும். உகரக் குறியும் புள்ளியும் யுனிகோடு கணக்கில் எழுத்து வகையில் சேராது, சேர்குறி வகையில்தான் வரும். இஸ்ஆல்ஃபா ஒவ்வொரு குறியீடும் எழுத்துதானா என்று கேட்கிறது. உகரக் குறியிடமோ புள்ளியிடமோ வந்ததும் இல்லை என்கிறது. "அகல" போல அகரமேறிய எழுத்துகள் மட்டும் வரும் சொல் தப்பிக்கும், "கமலம்" மாட்டிக்கொள்ளும். இதே காரணத்தால், பைத்தானின் ரெஜெக்ஸில் (எழுத்து வடிவத்தைத் தேடும் முறையில்) சொல்லைப் பிடிக்கப் போடும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ், "தமிழ்" என்பதை "தம", "ழ" என்று இரண்டு துண்டாக வெட்டும். தேடல் வசதி எழுதவைத்தவர்கள் இதில் நிச்சயம் இடித்திருப்பார்கள்.

இதோடு நிற்காது. அதே ஏஐ, முதல் பெயர் கடைசிப் பெயர் என்று இரண்டு புலம் வைத்து இரண்டையும் கட்டாயமாக்கும். இனிஷியல் வைத்துக்கொள்ளும் ஊரில் கடைசிப் பெயருக்கு எங்கே போவது? மக்கள் ஒரு புள்ளியையோ அப்பா பெயரையோ போட்டுவிட்டுப் போவார்கள். டேட்டா கெடும். கொ, கோ போன்றவற்றை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. என்எஃப்சி என்ற யுனிகோடு முறையில் ஒரே வடிவமாகச் சீராக்கிவிட்டு ஒப்பிட வேண்டும் என்று ஏஐக்குத் தெரியும். கேட்டால் அழகாக விளக்கும். கேட்காமல் செய்யாது.

வழி இதுதான்: டெஸ்டின் உள்ளீடுகளை நீங்கள் எழுதுங்கள், நிரலை ஏஐ எழுதட்டும். உண்மையான பயனர்கள் அடிக்கும் மாதிரியான பத்து வரி போதும், அதுவும் வேலை தொடங்கும் முன்னால். ஏற்கெனவே ஏஐ எழுதிய டெஸ்ட் குவிந்து கிடக்கிறதா? ஏதாவது ஒரு நிபந்தனையை வேண்டுமென்றே திருப்பிப் போட்டு ஓட்டுங்கள், பெரியதைச் சிறியது என்று மாற்றுங்கள். எந்த டெஸ்டும் சிவப்பாகவில்லை என்றால் அந்த டெஸ்டுகள் வெறும் அலங்காரம். இதைத் தானாகச் செய்ய பைத்தானில் மியூட்மட், ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரைக்கர், ஜாவாவில் பிட் இருக்கின்றன. மொத்த ரெப்போவிலும் (புராஜெக்டின் முழு நிரல் களஞ்சியத்திலும்) ஓட்டினால் நாள் போய்விடும். பணமும் அனுமதியும் தொடும் பகுதிகளில் மட்டும் ஓட்டுங்கள்.

ஒரு வரி கேட்டேன், ஊரையே மாற்றிவிட்டது

வேலையின் எல்லையைச் சொல்லாததுதான் காரணம். "இந்த ஃபைலைத் தவிர வேறெதையும் தொடாதே, தொட வேண்டியிருந்தால் முதலில் கேள்" என்று எழுதுங்கள். திட்டம் மட்டும் போடும் முறை உங்கள் கருவியில் இருந்தால், அதில் தொடங்கி, திட்டத்தைப் படித்துச் சரி சொன்ன பிறகு எழுதவிடுங்கள். வந்ததைக் கையால் பொறுக்கிக்கொண்டிருக்காதீர்கள். தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பக் கேட்பதே மலிவு.

ஒவ்வொரு நாளும் புராஜெக்ட் வழக்கத்தை மறந்துவிடுகிறது

மறக்கவில்லை. அதற்கு நேற்று என்பதே இல்லை. ரெப்போவின் வேரில் ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற ஃபைலை வைத்தால் பல கருவிகள் அதைத் தாமே படிக்கும். கிளாட் கோட் கிளாட்.எம்டியைப் படிக்கும், கோபைலட்டுக்கு கிட்ஹப் ஃபோல்டருக்குள் தனி அறிவுறுத்தல் ஃபைல் உண்டு.

அந்த ஃபைலில் மக்கள் எழுதுவதைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். "சுத்தமான நிரல் எழுது", "சிறந்த வழக்கங்களைப் பின்பற்று". எழுதாமல் இருந்தாலும் அதுவேதான் நடக்கும். பார்த்தவுடன் தெரியாததை மட்டும் எழுதுங்கள்: டெஸ்ட் ஓட்டும் சரியான கட்டளை, பணத்தைப் பைசாவில் முழு எண்ணாகத்தான் வைக்கிறோம் என்பது, பழைய பில்லிங் ஃபோல்டரில் கை வைக்கக் கூடாது என்பது. ரிவியூவில் ஒரே குறையை இரண்டாவது முறை எழுத நேர்ந்தால் அது இந்த ஃபைலுக்குப் போக வேண்டிய வரி. ஃபைல் இருநூறு வரியைத் தாண்டினால் வெட்டுங்கள். ஃபார்மேட்டிங் விதிகளை லின்டரிடம் (நிரலின் வடிவத்தைத் தானாகச் சோதிக்கும் கருவியிடம்) விடுங்கள், அதற்கு வாய்ப்பேச்சு தேவையில்லை.

நிரல் வேகமாக வருகிறது, ரிலீஸ் வேகமாகவில்லை

மேனேஜர்கள் கேட்கும் கேள்வி. முதலில் வேகம் உண்மையா என்று பாருங்கள். கோபைலட்டை வைத்து நடந்த ஒரு சோதனையில், ஜாவாஸ்கிரிப்டில் ஒரு எச்டிடிபி சர்வர் எழுதும் வேலையை, கருவி வைத்திருந்தவர்கள் 55.8 விழுக்காடு வேகமாக முடித்தார்கள். 2025 ஜூலையில் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்டது இதற்கு நேர் எதிர். அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்கள், தங்களுக்கு நன்கு தெரிந்த பெரிய ரெப்போக்களில் 246 வேலைகள் செய்தார்கள். தொடங்கும் முன் 24 விழுக்காடு நேரம் மிச்சமாகும் என்று நினைத்தார்கள். முடித்த பிறகும் 20 விழுக்காடு மிச்சமானதாக நம்பினார்கள். அளந்து பார்த்தால் 19 விழுக்காடு அதிக நேரம் எடுத்திருந்தது.

இரண்டும் முரண் இல்லை. முதலாவது வெறும் தரையில் கட்டுவது: தெளிவான, சிறிய, உலகம் முழுக்க ஆயிரம் முறை எழுதப்பட்ட வேலை. இரண்டாவதில் டெவலப்பரின் தலையிலேயே வரைபடம் இருக்கிறது. அதை ஏஐக்கு விளக்கி, வந்ததைச் சரிபார்த்து முடிப்பதற்குள் அவரே எழுதியிருப்பார். கருவிகள் அதற்குப் பிறகு மாறிவிட்டன, எண்களும் மாறும். ஆனால் தோன்றும் வேகமும் அளந்த வேகமும் வேறு என்ற பாடம் பழசாகாது. எனவே "எவ்வளவு வேகமாக இருக்கிறது?" என்று கருத்துக் கேட்டுப் படிவம் அனுப்பாதீர்கள். டிக்கெட் திறந்ததிலிருந்து பயனரிடம் போய்ச் சேரும்வரை எவ்வளவு நாள், போனதில் எத்தனை திரும்ப வந்தன என்று பாருங்கள்.

அடுத்து ரிவியூ வரிசையைப் பாருங்கள். சிக்கல் பொதுவாக அங்கே நிற்கும். மென்பொருள் டெலிவரியை ஆராயும் கூகுளின் டோரா குழு 2024 அறிக்கையில், ஏஐ பயன்பாடு 25 விழுக்காடு கூடும் இடத்தில் டெலிவரி வேகம் 1.5 விழுக்காடும் நிலைத்தன்மை 7.2 விழுக்காடும் குறைவதாக மதிப்பிட்டது. ஒரு தடவையில் போகும் மாற்றத்தின் அளவு பெருத்துவிட்டதே காரணமாக இருக்கலாம் என்றது. 2025 அறிக்கையில் வேகம் ஏற்றமாகத் திரும்பியது, நிலைத்தன்மை இன்னும் இறக்கத்தில்தான். எழுதுவது மலிவாகிவிட்டது, படிப்பது மலிவாகவில்லை. எழுநூறு வரி புல் ரிக்வெஸ்ட் (மாற்றங்களைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள், "நல்லா இருக்கு" என்று போட்டுவிட்டுப் போவார்கள். வரி எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வையுங்கள், அதைத் தாண்டினால் ஏஐயையே பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரிப்பதில் அது கெட்டி.

ஜூனியர் நன்றாகத்தான் முடிக்கிறார், கேட்டால் விளக்கத் தெரியவில்லை

இது கருவியின் கோளாறு இல்லை என்பதால் பலர் கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை. ரிவியூவில் நடக்கும் உரையாடல் இப்படித்தான் இருக்கும்:

"இந்த பேமென்ட் கால்ல ரீட்ரை மூணு தடவை ஏன் போட்டிருக்கீங்க?"

"டைம்அவுட் வந்தா திரும்ப ட்ரை பண்ணத்தான் அண்ணா."

"சரி. சர்வர் பணத்தை எடுத்துட்டு, பதில் மட்டும் நம்மகிட்ட வரலைன்னா?"

"..."

"கஸ்டமர் அக்கவுன்ட்ல எத்தனை தடவை போகும்?"

"அய்யோ. ஏஐ போட்டுச்சுண்ணா, நான் பார்க்கல."

நிரலின் தோற்றம் கச்சிதமாக இருந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாளச் சாவி அனுப்பி, அதே சாவி மறுபடி வந்தால் சர்வர் இரண்டாவது முறை பணம் எடுக்காமல் பழைய பதிலையே தர வேண்டும் என்பது ஜூனியருக்குத் தெரியாது. தெரியாதது குற்றம் இல்லை. தெரிந்துகொள்ளும் வாய்ப்பு கையில் வந்து, நழுவிப் போனதுதான் நஷ்டம். முன்பெல்லாம் இதைத் தானே எழுதித் திண்டாடும்போது அந்தக் கேள்வி எங்காவது எழும்.

ஆந்த்ரோபிக் நிறுவனமே செய்த ஒரு சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. 52 டெவலப்பர்கள், பெரும்பாலும் ஜூனியர்கள், தங்களுக்குப் புதிதான ட்ரியோ என்ற பைத்தான் லைப்ரரியைக் கற்று வேலை செய்தார்கள். முடிவில் வைத்த தேர்வில் ஏஐயுடன் செய்தவர்கள் சராசரியாக 50 விழுக்காடும், தாமே எழுதியவர்கள் 67 விழுக்காடும் எடுத்தார்கள். அதிகம் அடி வாங்கியது பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில். ஆனால் ஏஐ வைத்திருந்தவர்களிலேயே, "எழுதிக் கொடு" என்று விடாமல், ஏன் எப்படி என்று கேட்டவர்கள் நன்றாகவே எடுத்தார்கள். கருவி ஒன்றுதான், கேட்ட விதம் வேறு.

எனவே ஜூனியரிடமிருந்து ஏஐயைப் பிடுங்காதீர்கள். கேட்கும் வரிசையை மாற்றுங்கள். புதிதாகக் கற்கும் விஷயத்தில் முதல் முயற்சி அவருடையது, அரைகுறையாக இருந்தாலும் சரி. அப்புறம் ஏஐயிடம்: "என் நிரலில் எது உடையும் என்று கேள்வியாகக் கேள், விடையைச் சொல்லாதே." மேலே சொன்ன பேமென்ட் கேள்வியை அதுவே கேட்டிருக்கும். கிளாட் கோடில் கற்றல் முறை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது சில துண்டுகளை வேண்டுமென்றே காலியாக விட்டு மனிதரை எழுதச் சொல்லும். மற்றக் கருவிகளில் அறிவுறுத்தல் ஃபைலில் இதையே எழுதிவைக்கலாம். ஏற்கெனவே நன்கு தெரிந்த வேலைகளில், பத்தாவது சிஆர்யுடி (சேர், படி, மாற்று, அழி) ஸ்கிரீனில், தாராளமாக முழுதும் எழுதட்டும். அதைக் கையால் அடித்து யாரும் ஞானம் பெறப்போவதில்லை.

ரிவியூவில் ஒரு விதி உதவும்: புல் ரிக்வெஸ்டின் விளக்கத்தை ஏஐ எழுதக் கூடாது. "எது உடையலாம், ஏன் இப்படிச் செய்தேன்" என்று நாலு வரி, சொந்த மொழியில், தங்கிலீஷ் ஆனாலும் சரி. அந்த நாலு வரி எழுத வரவில்லை என்றால் டிஃபைத் திறக்கவே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும்.

சீனியர் தொடவே மாட்டேன் என்கிறார்

விவாதம் பண்ணாதீர்கள். அவருக்குப் பிடிக்காத வேலையைக் கண்டுபிடியுங்கள். யாரோ பத்து வருடத்துக்கு முன்னால் எழுதிய ஸ்டோர்டு புரொசீஜரை (டேட்டாபேஸுக்குள் இருக்கும் நிரலை) படித்து விளக்குவது, லாக் குப்பையைக் கிளறுவது, மைக்ரேஷனுக்கு முன் டெஸ்ட் எழுதுவது. அங்கே கொடுத்துப் பாருங்கள். மையமான நிரலில் அவர் வேண்டாம் என்றால், மெட்ர் எண்களைப் பார்க்கும்போது அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம்.

தமிழில் கேட்டால் பதில் மங்கலாக வருகிறது

விளக்கம் கேட்க, கற்க, தமிழும் தங்கிலீஷும் இன்றைய பெரிய மாடல்களில் நன்றாகவே போகின்றன. சிக்கல் செலவில். தமிழ் எழுத்து அதே பொருளுள்ள ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன்களாக (மாடல் எழுத்தைப் படிக்கும் சிறு துண்டுகளாக) உடையும், நீண்ட சாட்டில் இடம் சீக்கிரம் நிரம்பும். எரர் செய்தி, ஃபங்ஷன் பெயர் இவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே ஒட்டிவிட்டு, கேள்வியை மட்டும் தமிழில் கேட்பது நல்ல நடுவழி.

ஏபிஐ சாவி சாட்டுக்குள் போய்விட்டது, அல்லது கமிட்டில் ஏறிவிட்டது

முதலில் சாவியை (வெளிச் சேவையை உங்கள் பெயரில் திறக்கும் ரகசியக் குறியீட்டை) மாற்றுங்கள். ஹிஸ்டரியை அழிப்பது, மன்னிப்பு மெயில் எழுதுவது, யார் ஒட்டியது என்று தேடுவது எல்லாம் அப்புறம். பொது ரெப்போவில் ஏறியிருந்தால் பாட்கள் நிமிடக் கணக்கில் அதைப் பொறுக்கிவிடும், நீங்கள் கமிட்டை அழித்து ஃபோர்ஸ் புஷ் செய்து முடிக்கும்போது அதற்குப் பொருள் இருக்காது. மாற்றிய பிறகு, சாவிகள் இருக்கும் என்வ் ஃபைலை ஏஜென்ட் படிக்க முடியாதபடி அனுமதிப் பட்டியலில் தடுத்துவிடுங்கள், கமிட்டுக்கு முன் ஓடும் ஹூக்கில் கிட்லீக்ஸ் போன்ற ஸ்கேனரைச் சேருங்கள். ஏஜென்டுக்கு டேட்டாபேஸ் தேவைப்பட்டால் படிக்க மட்டும் உரிமையுள்ள தனி யூசர், அதுவும் புரொடக்‌ஷனில் இல்லாமல் நகலில். "டெலீட் செய்யாதே" என்று பிராம்ப்டில் எழுதுவதை அனுமதிக் கட்டுப்பாடாக எண்ணிக்கொள்ளாதீர்கள். டேட்டாபேஸ் மறுத்தால்தான் அது கட்டுப்பாடு.